ஒதுக்கி வைத்த எண்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் ‘மேடம்’, முதுகு திரும்பினால் ‘நம்பர் அக்கா’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகவே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன், ஏனென்றால் உள்ளுக்குள் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

என் வேலை இதுதான். இங்கே யார் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினாலும் அதற்கு ஒரு நிரந்தர எண் கொடுக்க வேண்டும். டி.ஓ.ஐ. என்போம். வீடு மாறினாலும் மாறாத ஃபோன் நம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு இன்றைக்கு இந்தக் கணினியில் இருக்கும், பத்து வருஷம் கழித்து வேறு எங்கோ போகும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகவரியை மட்டும் நாங்கள் மாற்றி வைப்போம். வெளியே இருக்கிறவர் எப்போது அந்த எண்ணை அடித்தாலும் அதே ஆய்வேட்டின் பக்கம் திறக்க வேண்டும். அதுதான் உலகத்துக்கு நாங்கள் கொடுத்த வாக்கு.

மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அன்றே ஒரு எண்ணை ஒதுக்கிக் கொடுத்துவிடுவேன். அதை இரண்டாம் பக்கத்தில் அச்சிட்டுக்கொள்வார்கள். ஆனால் எண்ணுக்கு உயிர் வருவது வைவா முடிந்த பிறகுதான். தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தேறினார் என்று தாள் வந்தால் அன்று பதிவு செய்வேன். அதுவரை அந்த எண் என்னுடைய நீளமான பதிவேட்டில் பென்சிலில் மட்டும் இருக்கும். தேறியதும் மை.

சிலர் வைவாவுக்கு வரவே மாட்டார்கள். வேலை கிடைத்துப் போய்விடுவார்கள், வழிகாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். அந்த வரிசைகள் மையில்லாமல் கிடக்கும். எனக்கோ வரிசையில் ஓட்டை விழுந்தால் சோறு இறங்காது. அதனால் ஆண்டுக் கடைசியில் ஒரு ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வராதவர்களின் பென்சில் எழுத்தை அழித்து, அந்த எண்களைப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம். இருபத்திரண்டு வருஷம், ஒரு எண் விட்டுப்போனதில்லை. மேலதிகாரிகள் வந்தால் பதிவேட்டைத் திறந்து காட்டி நிமிர்ந்து நிற்பேன்.

ஒவ்வொரு மாதமும் அதிகம் பார்க்கப்பட்ட ஆய்வேடுகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கம். இந்த வருஷம் தொடர்ந்து மூன்று மாதம் ஒரே ஆய்வேடு முதலிடத்தில் நின்றது. சிமெண்டில் உமிச் சாம்பலைக் கலந்தால் எவ்வளவு நாளில் இறுகும் என்பதைப் பற்றியது. எழுதியவர் இங்கேயே கட்டடவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர், எல்லாருக்கும் சிமெண்ட் சார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த ஆய்வேட்டை ஒருவர் இரண்டாம் தடவை திறப்பார் என்று அவர்கூட நம்பமாட்டார்.

எனக்கு மூக்கு வேர்த்தது. உள்ளே போய் நேரவாரியாகப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று. ஒரு நாள் தவறவில்லை.

எங்கள் நூலகத் தலைவர் பக்கத்தில்தான் இருந்தார். சிமெண்ட் சாரும் ஏதோ நூலைத் திருப்பித்தர வந்திருந்தார். நான் விடுவேனா?

“சார், உங்க ரசிகரைக் கண்டுபிடிச்சுட்டேன். காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, மாத்திரை சாப்பிடற மாதிரி உங்க ஆய்வேட்டைப் பாக்குறாங்க. உங்க அம்மாதானே? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க!”

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிமெண்ட் சாரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு மேடம்,” என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “யாரா இருந்தா என்ன, பாக்கட்டுமே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் புதிதாக ஒருவர் வந்தார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். சட்டையில் கிரீஸ் கறை, துவைத்துத் துவைத்து வெளுத்த கறை. கையில் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு. ஐந்து நிமிஷம் என் மேசைக்கு முன்னாலேயே நின்றார். எனக்கு அப்படி யாராவது நின்றாலே எரிச்சல் வரும்.

“ஐயா, புத்தகம் எடுக்கணும்னா அந்தக் கவுண்டருக்குப் போங்க.”

“புத்தகம் இல்லம்மா. ஒரு நம்பர் விஷயம்.”

“என்ன நம்பர்?”

“எம்பொண்ணு ஆய்வேடு எழுதினா. அதோட நம்பர். அதை அடிச்சா வேற யாரோட வேலையோ வருது.”

“தப்பா அடிச்சிருப்பீங்க. எங்க நம்பர் தப்பாது.”

சொன்னேன். அப்படியே, அந்தக் குரலில்தான் சொன்னேன்.

அவர் வாதம் பண்ணவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அது தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நோட்டு. பக்கமெல்லாம் மார்பு, இடுப்பு, கை நீளம். கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு கையெழுத்தில், பெரிது பெரிதாக, முழு எண்ணும் எழுதியிருந்தது. முடிவில் நாலு ஏழு பூஜ்யம் மூன்று. நான் அடித்தேன். உமிச் சாம்பல் கலந்த சிமெண்ட் திறந்தது.

“உங்க பொண்ணு ஒரு இலக்கத்தை மாத்தி எழுதியிருப்பாங்கய்யா. அவங்களையே கேட்டுட்டு வாங்க.”

“கேக்க முடியாதும்மா,” என்றார். “அவ போய் அடுத்த மாசம் வந்தா ஒரு வருஷம்.”

நான் பதிவேட்டை இழுத்தேன். 4703. மையில் சிமெண்ட் சாரின் பெயர். அதற்கு அடியில் ரப்பர் தேய்த்துச் சொரசொரத்த தாள். சாய்த்துப் பிடித்தால் ஒரு பெண்ணின் பெயர் பள்ளமாகத் தெரிந்தது. ஓரத்துக் குறிப்புக் கட்டத்தில் என் சிவப்புப் பேனாவில் ஒரு வார்த்தை, மை என்பதால் ரப்பருக்கு மசியவில்லை: ‘வரவில்லை.’

வைவாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பேருந்து நிறுத்தத்தில் ஒரு லாரி மோதியதாம். அந்தப் பெண் எப்படி வருவாள்? துறையிலிருந்து யாரும் எனக்கு எழுதவில்லை, உண்மைதான். ஆனால் நானும் ஒரு ஃபோன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு மையில், வரவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

அவரை உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, டம்ளரை என் மேசைக் காகிதங்களில் படாமல் ஓரமாக வைத்தார்.

பிறகு அவரே சொன்னார். அவர் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் ஆபரேட்டர். காலை ஆறுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் போய் வால்வைத் திறந்துவிட வேண்டும். மனைவி வீட்டில் தைக்கிறார். மகள் ஆராய்ந்தது ஆற்றங்கரையில் கிடக்கும் நத்தைகளை, மிளகு அளவுதான் இருக்குமாம். மூட்டை மூட்டையாக மணலை அள்ளிக்கொண்டு வருவாள். அம்மாவும் மகளும் தையல் மேசையில் உட்கார்ந்து ஊசி முனையால் தள்ளித் தள்ளி எண்ணுவார்களாம்.

“ஆய்வேட்டைக் குடுத்த அன்னிக்கு வந்து சொன்னா, அஞ்சு காப்பியும் யூனிவர்சிட்டிக்குப் போயிடுச்சும்மா, உனக்கு நம்பர் தர்றேன்னு. இந்த நோட்டுல எழுதிக் குடுத்து, ஃபோன்ல எப்படி அடிக்கணும்னு அவ அம்மாவுக்குப் பழக்கிவிட்டா. இப்ப அடிச்சா இல்லைன்னு வரும், வைவா முடிஞ்சதும் வரும். ஒரு தடவை வந்துட்டா அப்புறம் இந்த நம்பர் மாறவே மாறாது, நானே கிழவியாகிச் செத்தாலும் இதை அடிச்சா என் வேலை வரும்னா.”

சொல்லிவிட்டு அவர் நோட்டை மறுபடி நீளவாக்கில் மடித்துக்கொண்டார்.

மகள் போன பிறகு அந்த அம்மா தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். பேச்சும் இல்லை. காலையும் மாலையும் எண்ணை மட்டும் அடிப்பார். இல்லை என்று வரும். ஃபோனை வைத்துவிடுவார். எட்டு மாதம். ஒரு நாள் காலை திறந்துவிட்டது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, கண்ணிலும் புரை. ஆனால் பக்கத்தின் தலையில் இருந்த வட்டமான நீல முத்திரை தெரிந்தது. மகளின் அடையாள அட்டையில் இருந்த அதே முத்திரை. வந்துட்டா, வந்துட்டா என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினாராம். அன்றைக்கே மெஷினின் மேல் கிடந்த துணியை எடுத்தார். மிதித்துத் தைக்க ஆரம்பித்தார். சாப்பிட்டார்.

“அந்த நேரத்துல எல்லாம் நான் வால்வுகிட்ட இருப்பேன். போன வாரம் மோட்டார் ரிப்பேர், வீட்டுல இருந்தேன். அப்பத்தான் எட்டிப் பாத்தேன். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும். சிமெண்ட்டுன்னு போட்டிருந்தது.”

காலை ஆறு, மாலை ஆறு. நான் சிரித்தேனே, அம்மாதான் பார்க்கிறாள் என்று. அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்த காரியம் இது. மூன்று வாரம் கழித்து மகளின் வருஷ நினைவு நாள், ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர்கள் வருவார்கள். அந்த அம்மா எல்லாரிடமும் ஃபோனைக் கொடுத்துக் காட்டப்போகிறார். வருகிறவர்களில் படித்த பிள்ளைகள் நாலைந்து பேர் உண்டு. முதல் வரியைப் படித்ததுமே கேட்டுவிடுவார்கள்.

“அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்கம்மா. நம்பர் உங்க கையிலதானே இருக்கு.”

தப்பு என்னுடையது என்று சொன்னேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன், ரப்பர் தேய்த்த இடத்தை விரலால் தொட்டும் காட்டினேன். அவர் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“உங்க பொண்ணோட ஆய்வேட்டை நான் ஏத்தறேன்யா. புது நம்பர் போட்டு இன்னும் பத்து நாள்ல குடுத்துடறேன். அம்மாகிட்ட நம்பர் மாறிடுச்சுன்னு சொல்லிடுங்க.”

“அது எப்படிம்மா? மாறாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. மாறிடுச்சுன்னு நான் சொன்னா எம்பொண்ணு பொய் சொன்னான்னுல்ல ஆயிடும்?”

“அப்ப நானே வர்றேன். அம்மா கால்ல விழுந்து, என் தப்புன்னு சொல்லிடறேன்.”

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை. “சொன்னா உங்க மனசு லேசாகிடும். அவ மறுபடியும் மெஷினை மூடிடுவா. உங்க பாரத்தை இறக்கி வைக்க எங்க வீடுதான் கிடைச்சுதாம்மா?”

அவருடைய மகளின் வழிகாட்டி யார் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் வழிகாட்டிப் பேராசிரியையைப் போய்ப் பார்த்தேன். அலமாரியில் ஆய்வேடு தூசி படிந்து கிடந்தது. இரண்டு வெளித் தேர்வாளர்களும் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். “வைவா இல்லாம பட்டம் குடுக்க விதி இல்லைங்களே,” என்றார் பேராசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அழுது என்ன செய்ய? ஒரு வருஷமாக அந்தக் கோப்பை எந்த மேசைக்கும் அவர் தள்ளவில்லை. நான் தள்ளினேன். பதிவாளர் அலுவலகத்தில் கல்லில் நார் உரித்தேன். பட்டம் இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். ஆய்வறிக்கை என்ற பெயரில் நூலகத் தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் தலைவரின் கையெழுத்தோடு அனுமதி வந்தது. புது எண் 4811. பேராசிரியையிடம் இருந்த அச்சுப் பிரதியை வாங்கி அந்த அப்பாவிடம் கொடுத்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு என்று தெரிந்துவிடும் என்றார். மோட்டார் அறையில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது 4703. இங்கேதான் என் இருபத்திரண்டு வருஷத்து ஒழுங்குக்குச் சோதனை. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகவரியை மாற்றுகிற வசதி என்னிடம் இருக்கிறது. அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். சிமெண்டின் முகவரியை எடுத்துவிட்டு நத்தையின் முகவரியை வைத்தால், அந்த அம்மா அடிக்கும் எண் மகளிடம் போய்விடும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த எண் இப்போது சிமெண்ட் சாருடையது. உலகப் பதிவில் ஏறிவிட்டது. நாலு கட்டுரைகளில் மேற்கோள் காட்டிவிட்டார்கள். அவருடைய பதவி உயர்வுக் கோப்பிலும் அச்சாகியிருக்கிறது. அதை அடித்தவர்களுக்கு நத்தை வந்தால் அவர் கதி என்ன? ஒருத்திக்குச் செய்த அநியாயத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதா?

ஒரே ஒரு நாளைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று சிமெண்ட் சாரையே கேட்கத் தோன்றியது. அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

சிமெண்ட் சார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பட்டார். “என்ன மேடம் விளையாட்டா இது? அடுத்த வாரம் என் ஃபைல் கமிட்டிக்குப் போகுது. யாராவது அன்னிக்குன்னு பாத்து அந்த நம்பரை அடிச்சா? நீங்க அழிச்சு எழுதினதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். நீங்க சொல்றது நியாயம்.” எழுந்து வந்துவிட்டேன். நிஜமாகவே நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வந்தார். உட்காரவில்லை.

“தினமும் ரெண்டு தடவை யாரோ என் வேலையைப் பாக்குறாங்கன்னு கேட்டப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு மேடம். சொல்ல வெக்கமா இருக்கு. யாரா இருக்கும்னு கிளாசுக்குப் போற வழியில எல்லாம் யோசிப்பேன்.” மேசையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமைதானே? கமிட்டிக்காரங்க ஞாயித்துக்கிழமை எங்க வேலை பாக்கப்போறாங்க. மாத்திக்குங்க. சாயங்காலம் திருப்பி வெச்சுடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நூலகத்தைத் திறக்கச் சொல்லி காவலாளியை எழுப்பினேன். ஆனை வந்து மிதித்தாலும் விடுமுறையில் வராத மேடத்துக்கு இன்றைக்கு என்ன வந்தது என்ற பார்வை பார்த்தார். உட்கார்ந்து 4703-க்குப் பின்னால் இருந்த முகவரியை மாற்றினேன். தெரியாமல் நான் செய்த தப்பு ஏற்கெனவே ஒன்று உண்டு. தெரிந்தே செய்தது இது ஒன்றுதான்.

ஆறு மணிக்கு நத்தைகளின் பக்கத்தில் ஒரு பார்வை. நான் திரையைத் தொட்டேன். பைத்தியக்காரி என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றுக்கு மேல் ஒவ்வொன்றாக ஏறியது. இரண்டு, ஐந்து, ஒன்பது. யாரோ ஃபோனை வாங்கிப் பார்க்கிறார்கள், யாரோ தன் ஃபோனிலும் அடித்துப் பார்க்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பத்தொன்பதில் நின்றது. நான் கொண்டுபோயிருந்த சாப்பாட்டை அப்போதுதான் பிரித்தேன். ஆறு மணிக்கு மறுபடி ஒன்று, இருபது. ஆறரைக்குச் சிமெண்டைத் திருப்பி வைத்தேன். கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து அந்த அப்பா வந்தார்.

“நல்லா நடந்துச்சும்மா. என் மச்சினன் பொண்ணு எல்லாருக்கும் படிச்சுக் காட்டிச்சு. உள்ள முதல் பக்கத்துல அவ அம்மாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கா போல. எங்களுக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு அதைத் தமிழ்ல சொல்லிச்சு.”

எனக்குத் தெரியும். ஏற்றும்போது படித்திருந்தேன். ‘தையல் மேசையில் என்னோடு உட்கார்ந்து பதினோராயிரம் நத்தைகளை எண்ணிய என் அம்மாவுக்கு. ஒரு தடவைகூட அவள் எண்ணிக்கை தப்பியதில்லை.’

“அதைக் கேட்டதும் அவ வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. அப்புறம் மறுபடி படி, மறுபடி படின்னு ஏழெட்டு தடவை. இப்ப பிரச்சினை என்னன்னா,” அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், “தினமும் அதைக் கேக்குறா. நான் வால்வைத் திறந்துவிட்டு வர்றதுக்குள்ள நம்பரை அடிச்சு வெச்சுடறா. நான் வந்ததும் ஃபோனை என் கையில குடுத்து, அந்த வரியைப் படிங்கன்றா.”

“ஐயோ. என்ன பண்றீங்க?”

“படிக்கறேன்மா. மச்சினன் பொண்ணு சொன்ன தமிழை எழுதி வாங்கி, மோட்டார் ரூம்ல புத்தகத்துக்குள்ள வெச்சு மனப்பாடம் பண்ணிட்டேன். சிமெண்ட் பக்கத்தைப் பாத்துக்கிட்டே, விரலை அது மேல நகர்த்திக்கிட்டே சொல்றேன். ஒரு நாள் ஒரு வார்த்தை மாறிப் போச்சு. பதினோராயிரத்தைப் பத்தாயிரம்னுட்டேன். இல்லையே, சரியாப் படிங்கன்னா.”

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. நான் எழுந்து போய்ச் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன், அவருக்கு என் முகம் தெரிய வேண்டாம் என்று. வெளியே மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் வந்தது வேற எதுக்கும் இல்லம்மா,” என்றார் போகும்போது. “அந்தப் புது நம்பரை எனக்கு எழுதிக் குடுங்க. யாராவது ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்ல.” ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து, மோட்டார் அறைச் சாவி இருந்த பையில் போட்டுக்கொண்டார். அவருடைய ஃபோனில் இணையம் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

இந்த வருஷக் கடைசியிலும் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். மையில்லாத வரிசைகள் ஆறு இருந்தன. ரப்பரை எடுக்கவில்லை. ஆறு பேருக்கும் ஃபோன் செய்தேன். இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. குறிப்புக் கட்டத்தில் அதை எழுதினேன். மற்ற வரிசைகள் அப்படியே ஓட்டையாகக் கிடக்கின்றன. சோறு இறங்குகிறது.

போன மாதப் பட்டியலை அச்செடுத்து அறிவிப்புப் பலகைக்குக் கொண்டுபோனேன். முதலிடத்தில் சிமெண்ட், வழக்கம்போல. இரண்டாம் இடத்தில் நத்தைகள், 4811. தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நேரவாரித் தாளையும் என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார்.

“என்ன அதிசயம் இது? ரெண்டுக்குமே காலையில ஆறு, சாயங்காலம் ஆறு! அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி இதுவும் அம்மாதானா?”

“இல்ல சார்,” என்றேன். “அம்மா பாக்குறது மேல இருக்கிற நம்பரை. இது நான்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் நாலு மூலையிலும் குண்டூசியைக் குத்திவிட்டு என் மேசைக்கு வந்தேன்.